பாஸ்டரின் வெளிநாட்டு ஊழியப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் பாஸ்டரின் வெளிநாட்டுப் பயணங்களுக்கு விசா, டிக்கெட், கணக்கு பார்ப்பது என் பொறுப்பு. இரண்டு தடவை அவரோடு கூடப் போயும் வந்திருக்கிறேன். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னும் பின்னும் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர் பிடித்து நிறுத்திக் கேட்பார். முகங்கள்தான் மாறுகின்றன, கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

அங்கேதான் ஏற்கெனவே சபை இருக்கே, அப்புறம் பாஸ்டர் எதுக்குப் போகணும்?

சபை இருப்பதால்தான் போகிறார். சபையே இல்லாத இடத்தில் சுவிசேஷம் சொல்வதற்கு அந்த மொழியைக் கற்று, பல வருஷம் அங்கேயே குடியிருக்கிறவர்கள் வேண்டும். இரண்டு வாரம் வந்து போகிறவரால் அது ஆகாது. அவரால் ஆகக்கூடியது, ஏற்கெனவே நடக்கிற சபைகளில் வேதத்தைப் போதிப்பதும், அங்குள்ள ஊழியர்களைத் தைரியப்படுத்துவதும்தான். வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்யும் போதகர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். உட்கார்ந்து படிக்க அவர்களுக்கு வாய்ப்பே கிடைத்திருக்காது.

இது நேற்று வந்த வழக்கம் இல்லை. லீஸ்திராவில் அப்போஸ்தலனாகிய பவுலைக் கல்லெறிந்து, செத்துவிட்டார் என்று நினைத்து ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். மறுநாள் தெர்பைக்குப் போனவர், அங்கிருந்து வேறு வழியாக ஊர் திரும்பாமல், அதே லீஸ்திராவுக்கும் இக்கோனியாவுக்கும் திரும்பிப் போய் சீஷர்களைத் திடப்படுத்தினார் (அப்போஸ்தலர் 14). இரண்டாம் பயணம் தொடங்கியதே, போன ஊர்களில் சகோதரர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்போம் என்ற பேச்சில்தான் (15:36).

ஜூம்ல பேசினா போதாதா? டிக்கெட் காசு மிச்சமாகுமே?

மிச்சமாகும். பல பாடங்களை நாங்கள் ஜூமில்தான் நடத்துகிறோம், அதில் குறையும் இல்லை. ஆனால் திரையில் நடப்பது பாடம் மட்டும். நான் கூடப் போயிருந்தபோது, மூன்று நாள் வகுப்பிலும் வாயே திறக்காத ஒரு மூப்பர் (சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவர்), நான்காம் நாள் இரவு பாத்திரம் கழுவும் இடத்தில் பாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். தட்டைத் துடைத்துக்கொண்டே, தன் மகன் சபையை விட்டுப் போய் ஆறு மாதம் ஆகிறது என்றார். அரைமணி நேரம் பேசினார்கள். அவர் ஜூமில் கேமராவைக்கூடத் திறந்திருக்க மாட்டார்.

யோவான் தன் இரண்டாம் நிருபத்தின் முடிவில், எழுத நிறைய இருந்தும் காகிதத்தாலும் மையாலும் எழுத மனதில்லை, முகமுகமாய்ப் பேசலாமென்று நம்புகிறேன் என்கிறார். அந்தக் காலத்து ஜூம் அந்தக் காகிதமும் மையும்தான்.

யாராவது கூப்பிட்டாங்களா, இல்ல இவரே கிளம்பிட்டாரா?

அழைப்பு இல்லாமல் போவதில்லை. அழைப்பு கடிதமாக வர வேண்டும். அதில் ஒரு தனி நபரின் கையெழுத்து மட்டும் இருந்தால் போதாது, அந்தச் சபையின் மூப்பர்கள் எல்லாரும் சம்மதித்திருக்க வேண்டும். எந்தத் தேதி, யாருக்குப் போதனை, என்ன தலைப்பு, எங்கே தங்குவது என்பதும் அதில் இருக்க வேண்டும். விசா விண்ணப்பத்துக்கும் அந்தக் கடிதமே வேண்டியிருக்கும்.

அது வந்த பிறகு நம் சபையின் மூப்பர்கள் கூடி முடிவு செய்வார்கள். பவுலையும் பர்னபாவையும் அந்தியோகியா சபைதான் உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பியது. அனுப்பும் சபை ஒன்று இல்லாமல் ஊர் ஊராகப் போகிறவரைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

இத்தனை நாள் எதுக்கு? அங்க போய் ஊர் சுத்திப் பார்க்கிறாரா?

இதே கேள்வியை நேர் எதிராகவும் கேட்கிறார்கள்: இவ்வளவு தூரம் போய்ப் பத்தே நாளில் திரும்புவானேன் என்று. பழைய சபை ஒழுங்கு நூலான திதாக்கேயில் ஒரு வேடிக்கையான விதி இருக்கிறது. ஊருக்கு வரும் அப்போஸ்தலர் ஒரு நாள் தங்கலாம், அவசியமானால் இரண்டாம் நாளும் தங்கலாம், மூன்று நாள் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி! ஓசியில் சாப்பிட்டுச் சுற்றியவர்களால் அந்தச் சபைகள் எவ்வளவு பட்டிருந்தால் இப்படி எழுதியிருப்பார்கள்? இன்னொரு பக்கம், பவுல் கொரிந்துவில் ஒன்றரை வருஷமும், எபேசுவில் ஏறக்குறைய மூன்று வருஷமும் இருந்தார். அவர் ஓசியில் இருக்கவில்லை. கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்துகொண்டேதான் போதித்தார்.

நாங்கள் வைத்திருப்பது பத்து முதல் பதினான்கு நாள். முதல் இரண்டு நாள் பிரசங்கம் வைக்கச் சம்மதிப்பதில்லை. பல நேர மண்டலங்களைத் தாண்டிப் போகிறவரின் உடம்பு பழக, மண்டலத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். மாலைக் கூட்டம் நம் ஊர்க் கணக்கில் அதிகாலை மூன்று மணியாக இருந்தால் நாக்கு குழறும். துரோவாவில் பவுல் நடுராத்திரி வரை பேசியபோது தூங்கி மாடியிலிருந்து விழுந்தவன் கேட்டுக்கொண்டிருந்த ஐத்திகு. எங்கள் கவலை பிரசங்கியே தூங்கிவிடுவாரோ என்பது.

டூரிஸ்ட் விசாவே போதும்தானே? எல்லாரும் அப்படித்தானே போறாங்க?

எல்லாரும் போவதால் சரியாகிவிடாது. நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவில், எந்த ஒரு சபையிலும் பதவி ஏற்காமல் கூட்டங்களில் பேசிவிட்டுத் திரும்பும் போதகர் பி-1 விசாவில் போகலாம். கூட்டங்களில் சேரும் காணிக்கையில் அவர் செலவு நடக்கலாம், சம்பளம் வாங்கக் கூடாது. அங்கே ஒரு சபையில் வேலைக்கே சேர்வதானால் ஆர்-1 விசா. அதற்கு அந்தச் சபைப் பிரிவில் குறைந்தது இரண்டு வருஷம் அங்கத்தினராக இருந்திருக்க வேண்டும். பிரிட்டனில், வெளிநாட்டில் ஊழியம் செய்கிறவர் பார்வையாளர் விசாவில் வந்து பிரசங்கிக்கலாம், ஆனால் அங்கே பதவி ஏற்கக் கூடாது. இந்தியாவுக்கு வருகிறவர்களுக்கு மிஷனரி விசா என்று தனி வகையே இருக்கிறது. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவர்கள்கூட மிஷனரி வேலைக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு தடவையும் அந்த நாட்டுத் தூதரகத்தின் அறிவிப்பைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்கிறோம். குடிவரவு மேசையில் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், சபைகளில் வேதம் போதிக்க என்று வாய்கூசாமல் சொல்ல முடிகிற விசாதான் சரியான விசா. சத்தியத்தைப் போதிக்கப் போகிறவர் வாசலிலேயே பொய் சொல்லிவிட்டு உள்ளே போவது எப்படி? இன்னொரு விஷயம், பாஸ்போர்ட் செல்லுபடியாக ஆறு மாதமாவது இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. டிக்கெட் போடும் முன் அதைப் பாருங்கள்.

செலவெல்லாம் யாரு தர்றாங்க? அங்க வாங்குற காணிக்கை எங்க போகுது?

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், கேட்பதே நல்லது. டிக்கெட், விசாக் கட்டணம், காப்பீடு மூன்றும் நம் சபையின் ஊழியப் பயண நிதியிலிருந்து. தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ப் பயணம் அழைக்கும் சபையின் பொறுப்பு. அவர்களுக்கு அதுவும் பாரமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறோம், நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

அங்கே கையில் ஒரு கவர் கொடுத்தால் என்ன செய்வது என்பதுதான் சிக்கல். பவுலே இதில் ஊருக்கு ஒரு மாதிரி நடந்தார். கொரிந்தியரிடம் வாங்கவில்லை, பிலிப்பியரிடம் வாங்கினார். முழுக்க மறுத்தால் கொடுத்தவர் மனசு நோகும். அதனால் பாஸ்டர் நன்றியோடு வாங்கி, அந்தச் சபையின் மூப்பர் ஒருவர் முன்னிலையில் எண்ணி, தொகையை எழுதிக்கொள்வார். விசா விதி இடம் கொடுக்காத நாடானால் அப்படியே அந்தச் சபையின் கையில் விட்டுவிடுவார். கொண்டு வந்தால் அது பயண நிதியில் சேரும். அவருடைய சொந்தக் கணக்கில் சேராது. திதாக்கே இதிலும் கறார்தான்: பணம் கேட்கிறவர் கள்ளத் தீர்க்கதரிசி.

திரும்பி வந்த ஒரு வாரத்தில் கணக்கு, ரசீதோடு, மூப்பர்களிடம் போகும். முதல் பயணத்தில் நான் எல்லாச் செலவையும் ஒரே நாளின் மாற்று விகிதத்தில் போட்டுவிட்டேன். கூட்டிப் பார்த்த மூப்பர், மிச்சம் எங்கே தம்பி என்று கேட்டபோது வேர்த்துவிட்டது. இப்போது பணம் மாற்றிய சீட்டு ஒவ்வொன்றையும் தேதியோடு ஒட்டி வைக்கிறேன்.

ஊசி கீசி போடணுமா?

நாட்டைப் பொறுத்தது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் சில நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும், அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ள வேண்டாம். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் போதும் என்ற விதி 2016 ஜூலையில் வந்தது. மலேரியா மாத்திரை பற்றி டாக்டரைக் கேளுங்கள். தினமும் சாப்பிடும் மருந்துகள் சீட்டோடு கைப்பையில் இருக்க வேண்டும். பவர் பேங்கும் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் போடக் கூடாது.

அந்த மொழி தெரியாம எப்படிப் பிரசங்கம் பண்றார்?

மொழிபெயர்ப்பாளரோடு. கூடப் போகும் வரை நானும் இதை ஒரு சின்ன ஏற்பாடாகத்தான் நினைத்தேன். பாதிப் பயணம் அவர் கையில்தான் இருக்கிறது. முதல் கணக்கு நேரம். நாற்பது நிமிஷம் கொடுத்தால் உங்களுக்கு இருபதுதான், மீதி அவருக்கு. ஒரு மணி நேரத்துக்குத் தயாரித்துக் கொண்டு போனால் முக்கியமான கடைசிப் பகுதி அம்போ.

இரண்டாவது, தமிழின் வாக்கிய அமைப்பு. நமக்கு வினைச்சொல் கடைசியில் வரும். பாஸ்டர் ஒரு தடவை, "பாவத்தில் விழுந்துபோன மனுஷனை, தேவன் தம்முடைய மகா இரக்கத்தினாலே..." என்று உணர்ச்சியோடு நிறுத்தினார். மொழிபெயர்ப்பாளரும் நின்றார். தேவன் என்ன செய்தார் என்று தெரியாமல் அவர் எப்படி ஆரம்பிப்பார்? இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், சபை இருவரையும் பார்த்தது. அன்றிலிருந்து சின்ன வாக்கியம், முழு வாக்கியம். பழமொழி, எதுகை மோனை, சிலேடை எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறார்.

மூன்றாவது, வசன எண். முந்தின நாளே மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து எல்லா வசனங்களையும் அவருடைய வேதாகமத்தில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். ரஷ்ய மொழியின் சினோதால் வேதாகமத்தில் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" 22ஆம் சங்கீதம், நமக்கு 23. பார்க்காமல் போனால் நீங்கள் மேய்ப்பரைப் பற்றிப் பேசுவீர்கள், சபை "பூமியும் அதின் நிறைவும்" என்று நம் 24ஆம் சங்கீதத்தை வாசித்துக்கொண்டிருக்கும்.

எல்லா ஊர்லயும் ஒரே பிரசங்கத்தைத்தான் சொல்றாராமே?

பெரிய கூட்டத்தில் சொல்வது பல சமயம் இங்கே கேட்டதுதான். அதில் தப்பில்லை, அவர்கள் கேட்டதில்லையே. ஆனால் பயணத்தின் பெரும்பகுதி பகலில், பத்து இருபது ஊழியர்களோடு மேசையைச் சுற்றி நடக்கிறது. ஒரு நிருபத்தை எடுத்துக்கொண்டு முதல் வசனத்திலிருந்து கடைசி வரை வாசித்து, இதை உங்கள் சபையில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்பார். மூன்றாம் நாள் அவர்களில் ஒருவர் எழுந்து நடத்துவார், பாஸ்டர் பின்னால் உட்கார்ந்து கேட்பார்.

எனக்கு இந்தப் பகுதிதான் முழுப் பயணத்தின் மதிப்பு. பேரணிக்கு ஆயிரம் பேர் வந்தார்கள் என்பது போட்டோவுக்கு நன்றாக இருக்கும். இருபது பேர் தாங்களாகவே வேதத்தைத் திறந்து விளக்கப் பழகிவிட்டால், அடுத்த வருஷம் அந்தத் தலைப்புக்கு நம் பாஸ்டர் போக வேண்டியதே இல்லை.

தனியாப் போறாரா, கூட ஆள் போகணுமா?

முடிந்த வரை இன்னொருவர் போக வேண்டும். பவுல் மக்கெதோனியாவிலிருந்து ஆசியாவுக்குத் திரும்பியபோது கூட இருந்த ஏழு பேரின் பெயர் அப்போஸ்தலர் 20:4இல் இருக்கிறது. எருசலேமுக்கான தர்ம சகாயத்தைக் கொண்டு போன பயணம் அது. பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் கூட ஆள் இருப்பது எவ்வளவு நல்லது என்பதற்கு 2 கொரிந்தியர் 8:18-21 வாசியுங்கள். அறையில் தனியாக யாருக்கும் ஆலோசனை சொல்லாமல் இருப்பது, பிள்ளைகளோடு தனியாக இல்லாமல் இருப்பது போன்ற ஒழுங்குகளுக்கும் ஒரு துணை உதவும். மனைவி கூடப் போனால் பெண்களுக்கான கூட்டமும் நடக்கும். நிதி இடம் கொடுக்கும் வருஷங்களில் அப்படிச் செய்கிறோம்.

அவர் போயிட்டா நம்ம சபையை யாரு பார்ப்பாங்க?

மூப்பர்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகூடச் சமாளிக்க முடியாத சபை, இன்னொரு சபைக்கு ஆள் அனுப்பத் தயாராகவில்லை என்று அர்த்தம்.

அங்க சபைக்குள்ளே சண்டையா இருந்தா? இவரை நியாயம் சொல்லச் சொன்னா?

சொல்லச் சொல்வார்கள். விமான நிலையத்திலிருந்து வரும் காரிலேயே ஒரு தரப்பின் கதை ஆரம்பித்துவிடும். வெளியூர்க்காரர், பெரியவர், நாளை மறுநாள் போய்விடுகிறவர். அவர் வாயிலிருந்து நமக்குச் சாதகமாக ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று இரண்டு பக்கமும் காத்திருக்கும். எங்கள் ஒழுங்கு, ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்லக் கூடாது என்பது. இரண்டு தரப்பும் சேர்ந்து எழுத்தில் கேட்டால், அவர்களுடைய சபைப் பிரிவின் பொறுப்பாளர்களும் இருக்கும்போது மட்டும் உட்காருவார்.

பவுல் கொரிந்துவுக்கும் கிரேத்தாவுக்கும் கண்டிப்பாக எழுதினாரே என்பார்கள். எழுதினார்தான். கொரிந்து சபையை நட்டவர் அவர். கிரேத்தாவில் குறைவாயிருந்தவற்றை ஒழுங்குபடுத்தத் தீத்துவை அங்கேயே விட்டு வந்தார். பத்து நாள் விருந்தாளிக்கு அந்த அதிகாரம் கிடையாது. இதில் நாங்கள் ஒரு தடவை சூடுபட்டோம். எந்த ஊர், யார் என்பது இங்கே வேண்டாம். பாஸ்டர் நல்ல எண்ணத்தில் சொன்ன ஒரே வாக்கியத்தை வைத்து ஆறு மாதம் அங்கே வாக்குவாதம் நடந்தது.

திரும்பி வந்த பிறகு அங்கேயிருந்து பணம் கேட்டு மெசேஜ் வருது. கொடுக்கலாமா?

நேரடியாக வேண்டாம். தேவை உண்மையாகவே இருக்கலாம், பல சமயம் உண்மைதான். ஆனால் இங்கே ஒருவர் அங்கே ஒருவருக்கு ரகசியமாக அனுப்பும் பணம், அந்தச் சபையின் மூப்பர்களைத் தாண்டிப் போகிறது. கேட்டு வந்த செய்தியை என்னிடம் தாருங்கள். அழைப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களிடம் விசாரித்துவிட்டு, சபைக்குச் சபையாக அனுப்புவோம்.

இன்னொரு பயமும் இருக்கிறது. சபை தானே தன்னை நடத்தி, தானே தன்னைத் தாங்கி, தானே பரவ வேண்டும் என்று மிஷன் சங்கங்களை நடத்திய ஹென்றி வென்னும் ரூஃபஸ் ஆண்டர்சனும் 19ஆம் நூற்றாண்டிலேயே சொன்னார்கள். வெளிப்பணம் வரும் வரை உள்ளூரில் ஒருவரும் காணிக்கைப் பையைப் பார்க்காத சபையாக அதை மாற்றிவிடக் கூடாது. அதற்காகக் கையை மூடிக்கொள்வதும் சரியில்லை. எருசலேம் சபையின் பஞ்சத்துக்கு மற்றச் சபைகள் கொடுத்தனவே.

வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வி. எஸ். அசரியா 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மிஷனரிகளைப் பார்த்துப் பேசியது இங்கே பொருந்தும். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். இன்று அனுப்புகிற இடத்தில் நாம் இருக்கிறோம். பணம் அனுப்புவது எளிது. மாதம் ஒரு தடவை போன் போட்டு அந்த மூப்பருடைய மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்கத்தான் நமக்கு நேரம் இல்லை.

பாஸ்டர் ஏன் சில நாட்டுப் போட்டோ மட்டும் போடுறதே இல்ல?

அங்கே இருக்கிறவர்களுக்கு ஆபத்து வரக்கூடாது என்றுதான். உதாரணத்துக்கு, நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி, ஒருவரை மதம் மாற்றினால் ஐந்து வருஷம் வரை சிறை. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்துவார்கள். இதைவிடக் கடுமையான நாடுகளும் உண்டு. நாம் போட்டோ போட்டு லைக் வாங்கிவிடுவோம், பிரச்சினை வந்தால் நம் பாஸ்டர் விமானம் ஏறிவிடுவார், படத்தில் பக்கத்தில் நிற்கிறவர் அந்த ஊரிலேயே இருப்பார். ஆகவே அந்தச் சபையார் சொன்னால் மட்டும்தான் போடுவோம். ஜெபக்குறிப்பில் ஊர்ப் பெயர் இல்லையே என்று சிலர் கோபிக்கிறார்கள். அதற்கும் இதே காரணம்தான்.

சரி, போயிட்டு வந்ததுல என்ன பலன்? எத்தனை பேர் ரட்சிக்கப்பட்டாங்க?

முதல் கேள்விக்கான பதிலை ஒரு தடவை பாருங்கள். இந்தப் பயணத்தின் நோக்கம் ஏற்கெனவே விசுவாசிகளாக இருப்பவர்களைத் திடப்படுத்துவது, அதற்குத் தலை எண்ணுவது சரியான அளவு இல்லை. பவுலும் பர்னபாவும் திரும்பி வந்து அந்தியோகியாவில் சபையைக் கூட்டி, தேவன் தங்களைக் கொண்டு செய்தவற்றை அறிவித்தார்கள் (அப்போஸ்தலர் 14:27). எங்கள் அறிக்கையிலும் நடந்தது இருக்கும், நடக்காததும் இருக்கும்: வராத ஊழியர்கள், ரத்தான கூட்டம், தவறாகப் போன மொழிபெயர்ப்பு.

ஒரு வருஷம் கழித்து அழைத்த சபைக்கு நாங்கள் மூன்று கேள்வி அனுப்புகிறோம். படித்த நிருபத்தை யாராவது தங்கள் சபையில் போதித்தார்களா, அதில் எங்கே திணறினார்கள், பாஸ்டர் மறுபடி வர வேண்டுமா? ஒரு சபை கடைசிக் கேள்விக்கு எழுதிய பதில் என் கோப்பில் இருக்கிறது: "இப்போது வேண்டாம். நாங்களே பக்கத்து மாகாணத்தில் இரண்டு சபைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். ஜெபித்துக்கொள்ளுங்கள்." அந்த வருஷ டிக்கெட் பணம் நிதியிலேயே இருக்கிறது, கணக்கில் பார்க்கலாம்.